ஒரு கார், மூன்று ஓட்டுநர்கள்: ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்க்கை

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. பந்தயத் தடத்தை ஒட்டி, எரிபொருள் நிரப்பவும் ஆள் மாறவும் நிற்கும் பிட் பாதைக்குள் ஒரு கார் நுழைந்து, தன் அணியின் இடத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. நின்ற நொடியிலேயே உள்ளே இருப்பவர் பெல்ட்டை விடுவிக்கிறார். ஸ்டியரிங்கைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். ஹெல்மெட்டில் செருகியிருந்த ரேடியோ ஒயரையும் தண்ணீர்க் குழாயையும் உருவிவிட்டுக் கதவு வழியாக வெளியே தாவுகிறார். போகிற போக்கில், தன் முதுகுக்கென்றே வார்த்தெடுத்த இருக்கைத் திண்டையும் இழுத்துக்கொள்கிறார். அடுத்து உட்காரப்போகிறவர் இவரைவிட உயரமானவர்; அவருக்கு அந்தத் திண்டு ஒத்துவராது.

அடுத்தவர் கால்களை முதலில் நுழைத்து உள்ளே சரிகிறார். இறங்கியவர் ஓய்வெடுக்கப் போய்விடவில்லை. குனிந்து, புதியவரின் தோள் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்கிறார், இழுத்து இறுக்குகிறார், ரேடியோ ஒயரைச் செருகுகிறார், தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். வண்டி புறப்படத் தயாராவதற்குள் இவ்வளவும் முடிந்தாக வேண்டும். பட்டை ஒன்று முறுக்கிக்கொண்டால் போயிற்று. இரண்டு மணி நேரம் தடத்தில் பாடுபட்டுச் சேர்த்த ஐந்து நொடிகள் அங்கேயே கரைந்துவிடும்.

ஃபார்முலா 1 மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்கும். அங்கே ஒரு கார் ஒருவருக்கு. அவர் கைக்கேற்ற ஸ்டியரிங், அவர் உடலுக்கேற்ற இருக்கை, அவர் பழக்கத்துக்கேற்ற பிரேக். சொந்த அணியில் இருக்கும் இன்னொரு ஓட்டுநர்தான் அவருக்கு முதல் போட்டியாளர். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்திலோ ஒரே காரை இரண்டு பேர், மூன்று பேர், சில பந்தயங்களில் நான்கு பேர்கூட மாறி மாறி ஓட்டுகிறார்கள். இதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் இந்தப் பங்கீடுதான் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். அவர் எப்படிச் சம்பாதிக்கிறார், யார் அவரைக் கூப்பிடுகிறார்கள், எத்தனை வயது வரை ஓட்டுகிறார் என்று எதைக் கேட்டாலும் பதில் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: இவர் ஓட்டிவிட்டுத் தரும் காரை இன்னொருவர் நம்பி வாங்கிக்கொள்ள முடியுமா?

எந்தக் கார்கள், எந்தப் பந்தயங்கள்

ஃபார்முலா கார்களில் சக்கரங்கள் வெளியே தெரியும். ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரங்களையும் சேர்த்து உடற்பகுதி மூடியிருக்கும். இதில் பெரிய பிரிவுகள் இரண்டு. ஒன்று புரோட்டோடைப்: பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி, சாலையில் ஓட்ட முடியாது. இன்றைய உச்சப் பிரிவான ஹைப்பர்கார் இந்த வகையைச் சேர்ந்தது. குறைந்தபட்ச எடை 1,030 கிலோ, சக்தி 500 கிலோவாட் அளவில், அதாவது 670 குதிரைத்திறனை ஒட்டி இருக்கும். இன்னொன்று ஜிடி: கடையில் விற்கும் போர்ஷே, ஃபெராரி, பிஎம்டபிள்யூ, ஆஸ்டன் மார்ட்டின் போன்ற கார்களை அடிப்படையாகக் கொண்டு செய்தவை. 2006-ல் அறிமுகமான ஜிடி3 என்ற விதிமுறைதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒரே கார் மாதிரியை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் ஓட்டலாம் என்பதால், ஓட்டுநர்களுக்கு வேலை தரும் பெரிய சந்தையும் அதுதான்.

எஞ்சின் முன்னால் இருக்கும் காரும் பின்னால் இருக்கும் காரும் சமமாகப் போட்டியிட எப்படி முடிகிறது? போட்டி அமைப்பாளர்கள் ஒவ்வொரு காருக்கும் எடையைக் கூட்டியோ சக்தியைக் குறைத்தோ எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். செயல்திறன் சமன்பாடு என்று இதைச் சொல்லலாம். இதைப் பற்றி அணிகளுக்குள் ஓயாத சச்சரவு உண்டு. ஆனால் ஓட்டுநரின் பார்வையில் இதற்கு ஒரு நேரடியான விளைவு இருக்கிறது: கார்கள் நெருங்கிவிடுவதால், தவறு செய்யாத ஓட்டுநரின் மதிப்பு கூடிவிடுகிறது.

பந்தயங்களில் தலையாயது பிரான்ஸில் 1923 முதல் நடந்துவரும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் மக்கள் கார் ஓட்டிச் செல்லும் சாதாரணச் சாலை. ஜனவரியில் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரம், மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரம், ஜூனில் லெ மான்ஸ், கோடையில் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரம், ஜெர்மனியில் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் நூர்பர்க்ரிங்கில் இன்னொரு 24 மணி நேரம் என்று ஆண்டு முழுவதும் நாட்காட்டி நிரம்பியிருக்கும். இப்படிப்பட்ட நீண்ட நேரப் பந்தயங்களுக்கான உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப் என்ற தொடர் 2012 முதல் நடக்கிறது. ஒரு நல்ல ஓட்டுநர் ஒரே ஆண்டில் இரண்டு, மூன்று தொடர்களில் பெயர் கொடுத்திருப்பார்.

ஏன் ஒருவரே ஓட்டக் கூடாது?

ஒரு காலத்தில் ஓட்டினார்கள். 1949-ல் லூயிஜி சினெட்டி, கூட ஓட்ட வந்தவர் உடல்நலம் குன்றியிருந்ததால், 24 மணி நேரத்தில் 22 மணி நேரத்துக்கும் மேல் தானே ஓட்டி ஃபெராரிக்கு லெ மான்ஸில் முதல் வெற்றியைத் தேடித்தந்தார். அப்போது அவருக்கு வயது 47. மூன்று ஆண்டுகள் கழித்து பியர் லெவேக் என்ற பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். மாற்று ஓட்டுநருக்கு இடமே கொடுக்காமல் தனியாளாக ஓட்டிக்கொண்டிருந்தார். பல சுற்றுகள் முன்னிலை. ஏறக்குறைய கடைசி மணி நேரத்தில் எஞ்சின் உடைந்தது. வெற்றி மெர்சிடிஸ் அணிக்குப் போனது.

அந்த வீரத்தை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் களைத்துப்போன ஒருவர் ஓட்டும் கார் அவருக்கு மட்டும் ஆபத்து அன்று. அதனால் இன்று விதி தெளிவாக இருக்கிறது. லெ மான்ஸில் எந்த ஓட்டுநரும் எந்த 6 மணி நேர இடைவெளியிலும் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தமாக 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆக, ஒருவரே ஓட்டி முடிக்க வழியே இல்லை.

நெரிசலில் ஓட்டுவது என்ற கலை

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் விஷயம் இது. ஒரே தடத்தில், ஒரே நேரத்தில், வெவ்வேறு வேகமுள்ள கார்கள் ஓடுகின்றன. லெ மான்ஸில் 60 கார்களுக்கு மேல் இறங்குகின்றன. ஹைப்பர்கார் ஒரு சுற்றை ஏறக்குறைய மூன்றரை நிமிடத்தில் முடிக்கும். ஜிடி3 காருக்கு நான்கு நிமிடம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 நிமிடங்களில் அது எட்டுச் சுற்று ஓடும்போது இது ஏழு சுற்றுதான் ஓடியிருக்கும். அதாவது அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொரு ஹைப்பர்காரும் ஒவ்வொரு ஜிடி3 காரையும் ஒரு முறை முந்தியாக வேண்டும். பகலிலும் இரவிலும் மழையிலும் இது நிற்பதே இல்லை.

ஹைப்பர்கார் ஓட்டுநரின் இடத்தில் உட்கார்ந்து பார்ப்போம். நேர்பாதையில் 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள். அது ஜிடி கார். வளைவுக்கு முன்பே முந்திவிடலாமா, வளைவு முடியும்வரை பின்னாலேயே போகலாமா? முன்பே முந்தினால் அரை நொடி மிச்சம். ஆனால் அந்த ஜிடி கார் தனக்கு முன்னால் இருக்கும் இன்னொரு ஜிடி காருடன் போராடிக்கொண்டிருந்தால், அதன் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்திருக்க மாட்டார். உள்ளே நுழையும் நேரத்தில் அவரும் திரும்பினால் இரண்டு பேருடைய பந்தயமும் முடிந்தது. இந்த முடிவை அவர் ஒரு சுற்றில் பல முறை எடுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விடும் நேரம்கூடக் கிடைப்பதில்லை.

ஜிடி காரில் இருப்பவரின் திறமையும் இதற்குக் குறைந்தது அன்று. பின்னாலிருந்து வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறது. எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று இருட்டில் சொல்வது கடினம். ஒதுங்கினால் சுத்தமான பாதையை விட்டு விலகி, டயர் துணுக்குகள் சிதறிக் கிடக்கும் ஓரத்துக்குப் போக வேண்டும். ஒட்டிய துணுக்குகள் உதிர்வதற்கு இரண்டு வளைவுகள் ஆகும். அதனால் நல்ல ஜிடி ஓட்டுநர் ஒதுங்குவதே இல்லை. தன் பாதையில் தான் போகிறார், பின்னால் வருபவருக்குத் தன் எண்ணம் புரியும்படி போகிறார். அவ்வளவுதான் அவர் செய்ய வேண்டியது. அதை 24 மணி நேரமும் மாறாமல் செய்வதுதான் அருமை.

ஒரு சுற்றை மட்டும் மின்னல் வேகத்தில் ஓட்டும் பலர் இங்கே தடுமாறிப்போவதற்கு இதுவே காரணம். தகுதிச் சுற்றில் கடிகாரம் காட்டும் எண்ணைவிட, நெரிசலான ஒரு மணி நேரத்தின் சராசரி எண்ணைத்தான் அணித் தலைவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள்.

உள்ளே வரும் பாதைகள்

பெரும்பாலோர் எட்டு, ஒன்பது வயதில் கார்ட்டிங் என்ற சிறு திறந்த வண்டிப் பந்தயத்தில் தொடங்குகிறார்கள். பதின்வயதில் சிறிய ஃபார்முலா கார்கள். கண் முழுவதும் ஃபார்முலா 1 மேல். அங்கே இருப்பதோ உலகம் முழுவதற்கும் 20 சொச்சம் இடங்கள். இருபது வயதைத் தொடும்போது பெரும்பாலோருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. பணம் தீர்ந்திருக்கும், அல்லது வயது கடந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் இன்று கொடிகட்டிப் பறக்கும் பலர் அந்தச் சாத்திய கதவின் முன்னால் நின்றவர்கள்தாம்.

நியூசிலாந்தின் பிரெண்டன் ஹார்ட்லி நல்ல எடுத்துக்காட்டு. ரெட் புல் நிறுவனத்தின் இளையோர் திட்டத்தில் இருந்தவரை 2010-ல் விலக்கிவிட்டார்கள். பலருடைய கதை அத்துடன் முடிந்துபோகும். அவர் நீண்ட தூரப் பந்தயத்துக்கு வந்தார். போர்ஷே அணியில் சேர்ந்து 2015, 2017 ஆண்டுகளில் உலக எண்டியூரன்ஸ் பட்டம் வென்றார். 2017-ல் லெ மான்ஸ் வெற்றி. இடையில் ஃபார்முலா 1-இல் ஓட்டும் வாய்ப்பும் வந்து போனது. பிறகு டொயோட்டா அணியில் 2020-லும் 2022-லும் மீண்டும் லெ மான்ஸ் வென்றார்.

இரண்டாவது பாதை, ஒரே மாதிரிக் கார்களை வைத்து நடத்தும் கோப்பைப் போட்டிகள். போர்ஷே கரேரா கோப்பை, அதற்கு மேலே ஃபார்முலா 1 பந்தய வார இறுதிகளில் நடக்கும் போர்ஷே சூப்பர் கோப்பை. எல்லோருக்கும் ஒரே கார் என்பதால் சாக்குச் சொல்ல இடமில்லை. தயாரிப்பு நிறுவனம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஏர்ல் பாம்பர் 2014-ல் சூப்பர் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டே நிக் டாண்டி, நிகோ ஹல்கன்பெர்க் ஆகியோருடன் போர்ஷே புரோட்டோடைப்பை ஓட்டி லெ மான்ஸை வென்றார். அந்த வேகமான ஏற்றம் அபூர்வம். ஆனால் கோப்பைப் போட்டியிலிருந்து நிறுவன ஓட்டுநராக உயரும் பாதை உறுதியானது.

வீட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. நிஸ்ஸான் நிறுவனம் வீடியோ விளையாட்டு வழியாக ஓட்டுநர்களைத் தேடிய திட்டத்தின் முதல் வெற்றியாளர் லூகாஸ் ஓர்டோன்யெஸ், 2011-ல் லெ மான்ஸில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். அதே திட்டத்தில் வந்த ஜான் மார்டன்பரோ 2013-ல் தன் பிரிவில் மூன்றாம் இடம். இதைப் பார்த்துவிட்டு, விளையாட்டுக் கருவி இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆயிரக்கணக்கானவர்களில் பொறுக்கி எடுத்த பிறகும், உண்மையான காரில் அவர்களுக்குக் கடுமையான பயிற்சி தேவைப்பட்டது.

பணம் எங்கிருந்து வருகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது புரியாமல் இந்தத் தொழில் புரியாது.

சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு ஒவ்வொரு ஓட்டுநரையும் நான்கு தரங்களில் ஒன்றில் வைக்கிறது: பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம். முந்தைய சாதனைகள், வயது, முதல் உரிமம் எப்போது வாங்கினார் என்பதையெல்லாம் பார்த்துத் தரம் முடிவாகும். பிளாட்டினம் என்றால் உச்சத்தில் இருக்கும் தொழில்முறை ஓட்டுநர். வெண்கலம் என்றால் பெரும்பாலும் வேறு தொழிலில் சம்பாதித்து, முப்பது வயதுக்குப் பிறகு பந்தயத்துக்கு வந்தவர். இவர்களை ஜென்டில்மேன் ஓட்டுநர் என்று அழைப்பது பழைய வழக்கம். பல போட்டிகளில் ஒரு காரில் இன்ன தரத்தினர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி உண்டு. உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஜிடி3 கார்களுக்கான எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர் கட்டாயம்.

இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள்: பணக்காரர்களுக்கு இடம் விற்பதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெண்கல ஓட்டுநர் கொண்டுவரும் பணத்தில்தான் அணியின் டயரும் எரிபொருளும் மெக்கானிக்குகளின் சம்பளமும் வருகின்றன. பக்கத்தில் ஓட்டும் தொழில்முறை ஓட்டுநரின் ஊதியமும் அதிலிருந்துதான். அவர்களில் பலர் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறவர்கள். நடிகர் பால் நியூமன் நாற்பதுகளில் பந்தயம் ஓட்டத் தொடங்கி, 1979 லெ மான்ஸில் மொத்தக் களத்தில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். அவரைப் பொழுதுபோக்குக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சம்பாதிக்கும் வழிகளில் எல்லோரும் விரும்புவது நிறுவன ஒப்பந்தம். போர்ஷேயோ பிஎம்டபிள்யூவோ ஆண்டுச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்ளும். அவர் எந்தத் தொடரில், எந்த அணிக்கு ஓட்ட வேண்டும் என்பதை நிறுவனமே சொல்லும். கார் வாங்கிய தனியார் அணிகளுக்கு அவரை அனுப்பிவைப்பதும் உண்டு. அடுத்தது, ஒரு வெண்கல ஓட்டுநரோ அவருடைய அணியோ ஒரு பருவத்துக்கு அமர்த்திக்கொள்வது. பந்தயம் இல்லாத நாட்களில் நாள் கூலிக்குப் பயிற்சி கொடுப்பது இன்னொன்று. வெளியே யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பல ஓட்டுநர்களின் குடும்பம் நடப்பது இந்தப் பயிற்சிப் பணத்தில்தான். இவை எதுவும் அமையாத இளைஞர் ஸ்பான்சர் தேடித் தானே பணம் கொண்டுவர வேண்டும்.

வெள்ளித் தரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திறமை தங்கத்தின் அளவுக்கு இருந்து, சாதனைப் பட்டியல் இன்னும் சிறியதாக இருப்பதால் வெள்ளியில் வைக்கப்பட்ட இளைஞருக்கு அணிகள் போட்டி போடும். விதிப்படி ஒரு வெள்ளி வேண்டும். வேகமான வெள்ளி கிடைத்தால் பாதி வெற்றி. ஆனால் அவர் வென்றுகொண்டே போனால், ஆண்டு இறுதியில் வரும் புதிய பட்டியலில் தங்கமாக உயர்த்தப்படுவார். அன்று அவர் திறமை ஒரு துளியும் மாறவில்லை. ஆனால் அவர் போட்டியிட வேண்டியது இனி நிறுவன ஓட்டுநர்களோடு. நேற்று வரை தேடி வந்த அணி வேறொரு வெள்ளியைத் தேடிப் போய்விடும். நன்றாக ஓட்டியதாலேயே வேலை இழக்கும் நிலை வேறு எத்தனை தொழில்களில் இருக்கும்? இந்த விளையாட்டில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இடம் அது.

பந்தயம் இல்லாத நாட்கள்

ஒரு பயிற்சி நாளை அருகில் போய்ப் பார்ப்போம். வெண்கல ஓட்டுநர் பத்துச் சுற்று ஓட்டிவிட்டு வருகிறார். தொழில்முறை ஓட்டுநர் மடிக்கணினியைத் திறந்து இரண்டு கோடுகளைக் காட்டுகிறார். நீலக்கோடு தன்னுடைய பிரேக் அழுத்தம், சிவப்புக்கோடு மாணவருடையது. நீலம் சுவர் போலச் செங்குத்தாக ஏறி, பிறகு சரிவாக, மெதுவாக இறங்குகிறது. சிவப்பு தயங்கித் தயங்கி ஏறி, சட்டென்று விழுகிறது. “நீங்கள் பிரேக்கை விடும் நொடியில் முன்பக்கம் எழும்பிவிடுகிறது, அதனால்தான் கார் திரும்ப மறுக்கிறது. காலை ஒரே அடியாக எடுக்காமல் மெதுவாகத் தளர்த்துங்கள்.” அடுத்த பத்துச் சுற்றில் அந்த ஒரு வளைவை மட்டும் பார்க்கிறார்கள். ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கு குறைகிறது. பிறகு அடுத்த வளைவு. தன் கோட்டை இன்னொருவர் கோட்டோடு ஒட்டிவைத்துப் பார்க்கும் இந்தப் பொறுமை எல்லா வேகமான ஓட்டுநர்களுக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்களுக்குத் தொழில் நீடிக்கிறது.

பொறியாளர்களோடு பேசுவதும் அதே அளவுக்கு முக்கியம். மூன்று ஓட்டுநர்களில் ஒருவருக்குப் பின்பக்கம் சற்று வழுக்கினால் பிடிக்கும். இன்னொருவருக்கு அது நடுக்கம். ஆனால் கார் ஒன்றுதான். அதனால் யாருக்கும் முழுமையாகப் பிடிக்காத, எல்லோரும் ஓட்டக்கூடிய ஓர் அமைப்புக்கு வந்து சேர்கிறார்கள். வெண்கல ஓட்டுநர் இருக்கும் காரில் அவருக்கு வசதியாகவே அமைப்பார்கள். பிளாட்டினம் ஓட்டுநர் தன் விருப்பத்தை விழுங்கிக்கொண்டு அதையே வேகமாக ஓட்டுவார். ஏனென்றால் அனுபவம் குறைந்தவர் தனக்குப் பிடித்த காரில் சுற்றுக்கு ஒரு நொடி குறைத்தால், அனுபவசாலி தியாகம் செய்யும் பத்தில் ஒரு பங்கு நொடி ஒன்றுமே இல்லை.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய காருக்குள் வெயில் நாட்களில் 50 டிகிரி வரை சூடேறும். தீத்தடுப்பு உடை, அதற்குள் தீத்தடுப்பு உள்ளாடை, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் என்ற கருவி. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு இரண்டு, மூன்று மணி நேரம். பிரேக் மிதி வீட்டுக் காரில் இருப்பதுபோல மென்மையாக இருக்காது. முழுக் காலின் பலத்தால் மிதிக்க வேண்டும், அதையும் சுற்றுக்குப் பத்து முறையாவது. ஓட்டி முடித்ததும் உடனே தூங்க முடிந்தால் அது ஒரு வரம். இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும், வெளியே எஞ்சின்கள் அலறும், மூன்று மணி நேரத்தில் மறுபடி எழுப்புவார்கள். கண்ணை மூடிப் படுத்திருக்கவாவது பழகிக்கொள்கிறார்கள்.

ஆபத்து

இதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நேர்மையாக இருக்காது. 1952-ல் தனியாக ஓட்டிய அதே லெவேக்கின் கார் 1955-ல் லெ மான்ஸில் பறந்து மோதிச் சிதற, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன; அவரும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் உயிரிழந்தார்கள். 2013-ல் டென்மார்க்கின் ஆலன் சிமன்சன் பந்தயம் தொடங்கிய சில சுற்றுகளிலேயே விபத்தில் இறந்தார். ஆஸ்டன் மார்ட்டின் அணியின் மற்ற கார்கள் அவருடைய குடும்பத்தின் விருப்பப்படி தொடர்ந்து ஓடின. கார்களும் தடுப்புகளும் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு ஓட்டுநரும் வீட்டில் இதைப் பேசியிருப்பார்.

எத்தனை வயது வரை?

இந்தத் தொழிலின் பெரிய கொடை நீளம். டெரெக் பெல் தன் ஐந்தாவது லெ மான்ஸை 1987-ல் வென்றபோது வயது 45. ஒன்பது முறை வென்று யாராலும் எட்ட முடியாத இடத்தில் நிற்கும் டாம் கிறிஸ்டென்சன் கடைசியாக 2013-ல் வென்றபோதும் வயது 45. மறுமுனையில், 2022-ல் ஜாஷ் பியர்சன் 16 வயதில் லெ மான்ஸில் ஓட்டினார். அனிச்சை வேகம் குறையும் வயதில் நெரிசலைப் படிக்கும் அறிவும் டயரைக் காப்பாற்றும் நிதானமும் கூடுவதால் கணக்கு சரியாகிவிடுகிறது.

ராபர்ட் குபிட்சாவை நினைத்துப் பார்க்கிறேன். ஃபார்முலா 1-இல் வென்றவர். 2011-ல் ஒரு ராலி விபத்தில் வலது கை கடுமையாகச் சிதைந்தது. பல ஆண்டு சிகிச்சை. 2025-ல், 40 வயதில், தனியார் அணியின் ஃபெராரியை யே யிஃபெய், ஃபில் ஹேன்சன் இருவரோடும் பகிர்ந்து ஓட்டி லெ மான்ஸை வென்றார். கடைசிக் கட்டத்தை ஓட்டி, பந்தய முடிவைக் காட்டும் கொடியைக் கடந்தவர் அவர்தான்.

பெண்களும் ஆண்களும் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே களத்தில் போட்டியிடும் விளையாட்டு இது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 1932 லெ மான்ஸிலேயே ஓடெட் சிகோ மொத்தக் களத்தில் நான்காம் இடம் பெற்றார். 2023-ல் பஹ்ரைனில் சாரா போவி, ராஹேல் ஃப்ரை, மிஷெல் காட்டிங் மூவரும் தங்கள் பிரிவை வென்றார்கள்; பெண்கள் மட்டுமே ஓட்டிய கார் உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் பெற்ற முதல் வெற்றி அது.

தொலைபேசி அழைப்பும் கடைசி நிமிடங்களும்

1997-ல் கிறிஸ்டென்சன் லெ மான்ஸை ஒரு முறைகூட ஓட்டியிராத 29 வயது இளைஞர். பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது ஒரு அணிக்கு மாற்று ஓட்டுநர் தேவைப்பட்டது, அவரைக் கூப்பிட்டார்கள். கூட ஓட்டியவர்கள் மிக்கேலே ஆல்போரெட்டோ, ஸ்டெஃபன் யோஹான்சன் என்ற பழுத்த அனுபவசாலிகள். பழக்கமில்லாத தடம், அரைகுறைப் பயிற்சி. இரவில் அவர் காரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பந்தயத்தின் வேகமான சுற்றை ஓட்டினார். மூவரும் வென்றார்கள். அந்த அழைப்பு வந்தபோது அவர் தயாராக இருந்தார் என்பது உண்மை. அழைப்பு வராமலே போயிருக்கலாம் என்பதும் உண்மை.

2016-ல் நடந்தது இதன் மறுபக்கம். டொயோட்டாவின் 5-ஆம் எண் கார் பந்தயத்தை முன்னிலையில் முடிக்கப்போகிறது. ஆண்டனி டேவிட்சன், செபாஸ்டியன் புவெமி, கசுகி நகாஜிமா மூவரும் 23 மணி 50 நிமிடங்களுக்கு மேல் ஒரு தவறும் இல்லாமல் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்த கார். ஸ்டியரிங்கில் நகாஜிமா. இன்னும் சில நிமிடங்கள். திடீரென்று ரேடியோவில் அவர் குரல்: சக்தி இல்லை. கார் மெல்ல ஊர்ந்து, தொடக்கக் கோட்டை ஒட்டிய நேர்பாதையில் நின்றேவிட்டது. போர்ஷே அதைக் கடந்து போனது. அதன் அணியினர் கொண்டாடத் தொடங்கும் முன் ஒரு கணம் திகைத்து நின்றார்கள். நகாஜிமா எப்படியோ வண்டியைக் கிளப்பி அந்தச் சுற்றை முடித்தார். ஆனால் கடைசிச் சுற்றுக்கு விதி அனுமதித்த 6 நிமிடத்தைவிட மிக அதிக நேரம் ஆகிவிட்டதால் இரண்டாம் இடம்கூடக் கணக்கில் சேரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே டொயோட்டா அணி மீண்டும் முன்னிலையில் இருந்தது. புவெமியும் புதிதாக வந்த ஃபெர்னாண்டோ அலோன்சோவும் தங்கள் பங்கை ஓட்டி முடித்திருந்தார்கள். கடைசிக் கட்டத்துக்குக் காரில் ஏறியவர் நகாஜிமா. அதே நேர்பாதையில், இந்த முறை நிற்காமல், கொடியைக் கடந்தார். 2019-லும் 2020-லும் மறுபடி வென்றார்.

2016-இல் அந்தக் காரைப் பகிர்ந்துகொண்ட மூன்றாமவர், டேவிட்சன், 2014-ல் புவெமியோடு சேர்ந்து உலகப் பட்டம் வென்றவர். 2021-ல் ஓய்வு பெற்றார். லெ மான்ஸ் வெற்றி அவருக்குக் கிடைக்கவே இல்லை.